ஒரே நாவலுக்கு ஏன் இத்தனை எதிரெதிர்த் தீர்ப்புகள்? குடும்ப ரகசியக் கதைகளும் எல்லையோர வாசகர்களும்

குடும்ப ரகசியத்தை வைத்து எழுதிய ஒரு சஸ்பென்ஸ் நாவலை வாங்கலாமா என்று யோசிப்பவர், ஏற்கெனவே படித்தவர்களிடம் விசாரித்தால் குழம்பித்தான் போவார். ஒருவர் ‘விடிய விடியப் படித்தேன், கீழே வைக்க முடியவில்லை’ என்பார். அடுத்தவர் ‘பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது’ என்பார். மூன்றாமவர் ‘கதை சொல்கிறவளே நம்மை ஏமாற்றிவிட்டாள்’ என்று கோபப்படுவார். நான்காமவர் ‘இதெல்லாம் ஒரு ரகசியமா?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். ஆனால் நால்வரும் நான்கு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். முதலாமவர் வேகத்தைச் சொல்கிறார். இரண்டாமவர் புதிரைச் சொல்கிறார். மூன்றாமவர் நியாயத்தைச் சொல்கிறார். நான்காமவர் அந்த ரகசியத்துக்கு எடை இருக்கிறதா என்று பார்க்கிறார். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர், மார்த்தாண்டம் பக்கமும், ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், திருத்தணி பக்கமும் இருக்கும் தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை இந்த நான்காவது கேள்விதான் முக்கியம். அதனால் மற்ற மூன்றையும் சுருக்கமாகப் பார்த்துவிட்டு அதற்கு வரலாம்.

இது எந்த வகை நாவல்?

‘டொமஸ்டிக் சஸ்பென்ஸ்’ என்று பதிப்பாளர்கள் பெயர் வைத்திருக்கும் இந்த வகையில் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். கணவன், மனைவி, மாமியார், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரை நம்பித்தான் ஆக வேண்டுமோ அவர்கள் மீதே சந்தேகம் விழும். துப்பறிவாளர் பெரும்பாலும் இருக்க மாட்டார். போலீஸ் வந்தாலும் ஓரமாகத்தான் நிற்கும். ‘கொலை செய்தது யார்?’ என்பதைவிட ‘நான் இத்தனை வருடம் யாரோடு வாழ்ந்தேன்?’ என்பதே கதையை ஓட்டும் கேள்வி.

பெயர் புதிது, சரக்கு பழையது. 1860களில் இங்கிலாந்தில் ‘சென்சேஷன் நாவல்’ என்ற வகை பெரிய அலையாக எழுந்தது. மரியாதையான வீட்டுக்குள் மறைந்திருக்கும் இரண்டாம் திருமணம், மாற்றப்பட்ட அடையாளம், மறைக்கப்பட்ட பிறப்பு ஆகியவைதான் அவற்றின் பொருள். காலத்தைக் கவனியுங்கள். 1857-ல்தான் அங்கே விவாகரத்து வழக்குகள் சிவில் நீதிமன்றத்துக்கு வந்தன. வீட்டுச் சண்டைகள் செய்தித்தாளில் அச்சாயின. திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை 1870, 1882 சட்டங்களால் படிப்படியாகத்தான் கிடைத்தது. அதுவரை மனைவியின் சொத்து ஏறக்குறைய கணவன் கையில். அப்படிப்பட்ட ஊரில் கணவனிடம் ஒரு ரகசியம் இருந்தால் அது மனைவியின் வாழ்வையே அழித்துவிடும். அந்தப் பயத்தைத்தான் நாவல்கள் விற்றன. ஆக, குடும்ப ரகசியக் கதை ஆரம்பத்திலிருந்தே சட்டத்தோடு ஒட்டி வளர்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

வேகம்: சஸ்பென்ஸ் வேறு, அதிர்ச்சி வேறு

இந்த வேறுபாட்டை இயக்குநர் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவோடு நடத்திய உரையாடலில் தெளிவாக விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென வெடித்தால் அது அதிர்ச்சி. சில விநாடிகளில் முடிந்துவிடும். குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் அது சஸ்பென்ஸ். கால் மணி நேரம் தாங்கும்.

‘கடைசித் திருப்பம் சரியில்லை’ என்று ஒருவரும் ‘படிக்கும்போது நெஞ்சு படபடத்தது’ என்று ஒருவரும் சொன்னால் இருவரும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் அதிர்ச்சியை எதிர்பார்த்தார், மற்றவருக்கு சஸ்பென்ஸ் கிடைத்தது. இதற்கு மேல் இதில் சிக்கல் இல்லை.

புதிர்: ‘எனக்கு முன்பே தெரியும்’

இந்த வாக்கியத்தை அப்படியே நம்ப வேண்டாம். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. மனித நினைவு வேலை செய்யும் விதம் அப்படி. 1975-ல் உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் ஒரு சோதனை செய்தார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த மோதலைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு இன்னதுதான் முடிவு என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முடிவைச் சொன்னார். முடிவு சொல்லப்பட்டவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்டதே நடக்க அதிக வாய்ப்பு இருந்ததாகக் கணித்தார்கள். விடை தெரிந்த பிறகு, அது முதலிலிருந்தே வெளிப்படையாக இருந்ததாகத் தோன்றிவிடுகிறது.

இந்த வகை நாவலில் சந்தேகப்பட ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். படிக்கும்போது எல்லார் மீதும் ஒருமுறையாவது சந்தேகம் போகும். முடிவில் ஒருவர் மாட்டியதும், அவரைச் சந்தேகித்த அந்த ஒரு கணம் மட்டும் நினைவில் நிற்கும். எந்தப் பக்கத்தில், எந்தத் தடயத்தால் தெரிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தக் கருத்துக்கு மதிப்பு அதிகம். வெறுமனே ‘தெரிந்துவிட்டது’ என்பதை வைத்து நாவலை ஒதுக்க வேண்டியதில்லை.

நியாயம்: கதை சொல்பவரே மறைத்தால்

இந்த நாவல்களில் பெரும்பாலும் ‘நான்’ என்று ஒருவர் கதை சொல்வார். அவரை முழுக்க நம்ப முடியாது. இத்தகைய கதைசொல்லிக்கு ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்ற கருத்தை 1961-ல் விமர்சகர் வெய்ன் பூத் முன்வைத்தார். நம்பகமின்மை மூன்று விதமாக வரும்:

1. தெரியாமல் தவறாகச் சொல்வது. குடி, மருந்து, சிறுவயது, நினைவிழப்பு ஆகியவை காரணமாகக் காட்டப்படும்.
2. தெரிந்தே பொய் சொல்வது. நாட்குறிப்பு, கடிதம் வடிவில் இது அதிகம்.
3. பொய்யும் சொல்லாமல், முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவது.

வாசகர் சண்டை பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1929-ல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். கிடைக்கும் தடயத்தை வாசகரிடமிருந்து துப்பறிவாளர் மறைக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. தமிழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே துப்பறியும் நாவல் படிக்கும் பழக்கம் இருக்கிறது. பின்னால் வந்த மாத நாவல்களும் அதைத்தான் வளர்த்தன. அந்த விதியோடு வளர்ந்தவர் குடும்ப சஸ்பென்ஸைப் படித்தால் ‘இது போங்காட்டம்’ என்பார். ஆனால் இந்த வகையில் கதைசொல்லியே விசாரிக்கப்படும் ஆள். தன்மீதே குற்றம் இருக்கும் ஒருத்தி தன் கதையைச் சொல்லும்போது நமக்கு உதவ அவளுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். முதல் அத்தியாயத்தின் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை தெரிந்த பிறகும் பொய்யாகாமல் வேறொரு பொருள் தந்தால் ஆசிரியர் நேர்மையாக ஆடியிருக்கிறார். என் கணக்கில் இந்த வகைக்கு இதுவே சரியான சோதனை.

எடை: ‘இதெல்லாம் ஒரு ரகசியமா?’

இப்போது விஷயத்துக்கு வரலாம். விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். அம்மா இறக்கிறார். இரண்டு மகள்கள். உயிலைப் பார்த்தால் மூன்றாவதாக ஓர் ஆணின் பெயர். அவன் யார் என்று மூத்தவள் தேட, அம்மா திருமணத்துக்கு முன் பெற்றுத் தத்துக் கொடுத்த பிள்ளை என்று தெரிகிறது. மூத்தவளின் மாமா மகள் அவனைக் காதலித்துக்கொண்டிருக்கிறாள். அவன் எழுதிய கடிதங்களைச் சிறுவயதில் எரித்தது மூத்தவளே என்பது கடைசித் திருப்பம்.

இங்கிலாந்து வாசகருக்கு இதில் மூன்று இடங்களில் தூக்கிவாரிப் போடும். எல்லையோரத் தமிழ் வாசகருக்கு அந்த மூன்று இடங்களும் அப்படியே வேலை செய்யாது. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. *சொத்து.* இங்கிலாந்தில் தத்துப் போன பிள்ளைக்குப் பெற்ற தாயின் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. ஆனால் அம்மா விரும்பினால் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். அதனால் உயிலில் ஒரு பெயர் வந்தால் அதுவே வெடிகுண்டு. நம் எல்லையில் சொத்து வேறு கணக்கில் ஓடியது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு என்பது இந்துச் சட்டத்தின் மிதாட்சர முறை. அதில் ஒருவர் தன் பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மகளுக்கு அந்தப் பிறப்புரிமையை ஆந்திரம் 1986-ல் சட்டமாக்கியது, தமிழ்நாடு 1989-ல் கொடுத்தது. இரண்டிலும் அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்குக் கிடையாது. 2005-ல்தான் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. கேரளமோ 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. அது 2005 திருத்தத்தோடு எப்படிப் பொருந்தும் என்பது நீதிமன்றம் வரை போன விவகாரம். ஆகவே திருத்தணிக்காரர் ‘அது பூர்வீகமா, அம்மா சம்பாதித்ததா?’ என்று கேட்பார். நாவலில் அதற்குப் பதிலே இருக்காது. ‘ஆசிரியர் முக்கியமானதைச் சொல்லவில்லை’ என்ற குறை அங்கே பிறக்கிறது.

2. *முறை.* மாமா மகளும் அத்தை மகனும் காதலித்தால் இங்கிலாந்து வாசகர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். சட்டம் அங்கேயும் தடுப்பதில்லை, ஆனால் வழக்கம் அரிது. நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அது முறைப் பெண், முறை மாப்பிள்ளை. பல வீடுகளில் முதல் உரிமை. தமிழ், தெலுங்குச் சமூகங்கள் பலவற்றில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் வழக்கமாக இருந்தது. மலையாளச் சமூகங்களில் அது பொதுவாக ஏற்கப்படாதது. ஆக மாதிரிக் கதையின் நடுப்பகுதி அதிர்ச்சி இங்கே புஸ்ஸென்று போய்விடும். ஆனால் அதே கதையில் அவள் மாமா மகளாக இல்லாமல் சித்தி மகளாக இருந்தால்? அப்போது அவள் தங்கை முறை. இங்கிலாந்து வாசகருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்குப் புத்தகத்தைக் கீழே வைக்கத் தோன்றும்.

3. *தத்து.* இங்கிலாந்தில் 1926-ல் தத்துச் சட்டம் வந்தது. தத்துப் போன பிள்ளை வளர்ந்தபின் தன் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமையை 1975 சட்டம்தான் தந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அந்தப் பதிவுகள் நீண்டகாலம் முத்திரையிட்டு மூடியே இருந்தன. மூடிய கோப்பு இருந்தால் அதைத் திறக்கும் கதையும் இருக்கும். இங்கே தத்து பெரும்பாலும் உறவுக்குள் நடக்கும். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை என்றால் தம்பி மகன் போவான், ஊருக்கே தெரியும். 1956-ன் இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒரு நுட்பமான விஷயத்தைச் சொல்கிறது: தத்துப் போனவர் பிறந்த குடும்பத்தோடு உறவு முறிந்தாலும், அங்கே யாரைக் கட்டக்கூடாதோ அவரை இப்போதும் கட்டக்கூடாது. சொத்துத் தொடர்பு போகும், முறை போகாது. இதை அடித்தளமாக வைத்துத் தமிழில் ஒரு குடும்ப சஸ்பென்ஸ் எழுதினால் எல்லையின் இரண்டு பக்கத்திலும் எடுபடும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

4. *ஊர்.* மேற்கத்திய நாவலில் ரகசியம் காக்கப்படுவதற்குக் காரணம் வீட்டின் அமைப்பு. தனி வீடு, பூட்டிய கதவு, பெயர் மட்டும் தெரிந்த அண்டைவீட்டார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனைவி கணவனின் முதல் திருமணத்தை அறியாமல் பத்து வருடம் வாழ முடியும். கொழிஞ்சாம்பாறையில் பெண் பார்க்கப் போகும் முன்பே மூன்று தலைமுறையை விசாரித்துவிடுவார்கள். ‘யாருக்குமே தெரியாமல் எப்படி?’ என்ற கருத்து அதனால்தான் வருகிறது. இங்கே ரகசியம் என்பது பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சம்பந்தப்பட்ட ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரியாது. அப்படி ஒரு கதையில் பயங்கரம் வேறு மாதிரி இருக்கும்: ‘என் அம்மா மறைத்தாள்’ என்பதைவிட ‘தெருவில் என்னோடு சிரித்துப் பேசிய அத்தனை பேரும் தெரிந்துகொண்டேதான் பேசினார்கள்’ என்பது அடிவயிற்றைப் பிசையும்.

எல்லைக் கோடு நகர்ந்தபோது

இந்த ஊர்களுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. குடும்பம் அசையாமல் இருக்க, அரசு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அதே நாளில் மலபார் மாவட்டத்தின் பாலக்காடு சென்னையை விட்டுப் போனது. ஆந்திரப் பக்கம் 1953-ல் பிரிந்த பகுதியில் திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் திரும்பி வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே தங்கின.

இதன் விளைவு வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது. தாத்தாவின் பத்திரம் ஒரு மொழியில், அப்பாவின் பட்டா இன்னொரு மொழியில். வில்லங்கச் சான்றிதழ் எடுக்கப் போனால் பழைய பதிவு வேறொரு மாநிலத்து முறையில் எழுதப்பட்டிருக்கும். பேரனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு விடுதலைப் பத்திரம் இருந்தால், அதில் யாருடைய அத்தை எதை விட்டுக்கொடுத்தார் என்பது இரண்டு தலைமுறைக்கு மூடிய கோப்பாகவே கிடக்கும். யாரும் திட்டமிட்டு மறைக்காமலே உருவான ரகசியம் அது.

நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி முறையில் இருந்த வேளாளர் குடும்பங்களில் சொத்து தாய்வழியில் போனது. ஆணின் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. அதை மாற்றத் திருவிதாங்கூர் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ அந்த முறையில் சிக்கிய குடும்பத்தின் கதை. சொல்பவள் காரணவரின், அதாவது தாய்வழிக் குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி. வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்காரியே வெளியே சொல்லும் இந்த அமைப்பு, இன்று டொமஸ்டிக் சஸ்பென்ஸ் நம்பியிருக்கும் அதே அமைப்புதான். நகைச்சுவையாகப் பாடப்பட்டதால் நாம் அதை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

நட்சத்திரங்கள் ஏன் இரண்டு ஓரத்தில்?

அப்புறம், எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். இணையத்தில் புத்தகங்களுக்குக் கிடைக்கும் மதிப்பீடுகள் ஐந்து நட்சத்திரத்தில் மிக அதிகமாகவும், ஒன்றில் கொஞ்சமும், நடுவில் குறைவாகவும் குவியும். ஆங்கில ‘ஜே’ எழுத்தின் வடிவம் என்று 2009-ல் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். காரணம் இரண்டு: பிடிக்கும் என்று நினைப்பவர்தான் வாங்குகிறார், மிகவும் பிடித்தவரும் மிகவும் கோபப்பட்டவரும்தான் மெனக்கெட்டு எழுதுகிறார். ‘பரவாயில்லை’ என்று நினைத்தவர் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார். எனவே சராசரி எண்ணைவிட, மூன்று நட்சத்திரம் கொடுத்து நான்கு வரி எழுதியவரைத் தேடிப் படிப்பது பயன் தரும்.

முடிவைச் சொல்லலாமா?

2011-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள். 2015-ல் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனை இதற்கு மாறான பக்கம் சாய்ந்தது. விவாதம் முடியவில்லை. குடும்ப சஸ்பென்ஸைப் பொறுத்தவரை நடைமுறையில் இப்படிப் பிரிக்கலாம்:

1. யார், எப்படி என்பதைச் சொல்ல வேண்டாம். ‘ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது’ என்பதையும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டவர் கடைசிப் பக்கம் வரை அதை மட்டுமே தேடிக்கொண்டிருப்பார்.
2. கதைசொல்லி எத்தனை பேர், காலம் முன்பின்னாகப் போகிறதா என்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.
3. ரகசியம் எந்த வகை என்று கோடிட்டுக் காட்டலாம்: சொத்தா, பிறப்பா, பழைய குற்றமா. எல்லையோர வாசகருக்கு மேலே சொன்ன எடையைக் கணிக்க இது ஒன்றே போதும்.
4. குழந்தை இறப்பு, வீட்டு வன்முறை, பாலியல் கொடுமை இருந்தால் அதைக் கட்டாயம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை நாவல்களில் இவை அடிக்கடி வருகின்றன. அதே துயரத்தை வீட்டுக்குள் அனுபவித்த ஒருவர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நடு இரவில் அந்தப் பக்கத்தைத் திறக்கக்கூடாது.